மடத்தில் திருநாள்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் கன்னியர் மடங்களின் அன்றாட ஒழுங்கைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள் பலர், நாள் முழுவதும் மணியோசைக்குக் கட்டுப்பட்டு நடக்கும் அந்த வீடுகளில் திருநாள்கள் எப்படிக் கழிகின்றன என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். காரைக்குடி வட்டாரத்தில் நெடுங்காலம் பள்ளிப் பணியாற்றி, இப்போது தம் சபையின் இல்லம் ஒன்றில் ஓய்வாக வாழும் மூத்த அருள்சகோதரி ஒருவர் இந்த இதழில் பதில் தருகிறார்.

பள்ளிக்கூடத்துக்கு அரையாண்டு விடுமுறை விட்டதும் சிஸ்டர்மார் எல்லாரும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். போன கிறிஸ்மஸ் அன்று மடத்தின் வழியாக வந்தபோது உள்ளே ஒரே விளக்கும் பாட்டுமாக இருந்தது. திருநாளுக்குக்கூட வீட்டுக்குப் போக மாட்டீர்களா?
— ஒரு வாசகி, கோட்டையூர்

மடம்தான் எங்கள் வீடு, அம்மா. துறவியர் தம் சபையின் இல்லத்தில் கூட்டு வாழ்வு வாழவேண்டும், தலைவியின் அனுமதியோடுதான் வெளியே தங்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் பார்த்துவர ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறை உண்டு. நம் பக்கத்துச் சபைகளில் அது பெரும்பாலும் பள்ளிகள் மூடியிருக்கும் கோடையில் அமையும். கிறிஸ்து பிறப்பையும் பாஸ்கா என்னும் ஈஸ்டரையும் மட்டும் அவரவர் இல்லத்திலேயே கொண்டாடுகிறோம். அரையாண்டு விடுமுறை பிள்ளைகளுக்குத்தான். பங்குக் கோயிலின் பாடகர் குழு, பீட அலங்காரம், மறைக்கல்விப் பிள்ளைகளின் நாடகம், வீடு வீடாகச் செல்லும் கேரல் பவனி என்று அந்த வாரத்தில்தான் எங்களுக்கு வேலை அதிகம்.

வேலையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கிறிஸ்து பிறப்புக்கு முன் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் முழுவதும் நாங்கள் சேர்ந்து காத்திருக்கிறோம். ஊதா உடுத்திய பீடம், வாரத்துக்கு ஒன்றாக ஏற்றப்படும் மெழுகுதிரி, ஞாயிறுகளில்கூட வானவர் கீதம் என்னும் புகழ்ப்பாடல் பாடப்படாத திருப்பலி என்று ஒவ்வொன்றும் இன்னும் நாள் வரவில்லை என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு மாலைகளில் மரியாவின் பாடலோடு ஏழு தனி முன்மொழிகளை, அதாவது பாடலுக்கு முன்னால் வரும் சிறு வரிகளை, பாடும்போது அந்தக் காத்திருப்பு உச்சத்துக்கு வந்துவிடும். ஓரிடத்தில் காத்திருந்துவிட்டு வேறோரிடத்தில் போய்க் கொண்டாட மனம் ஒப்பாது. செட்டிநாட்டாருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணிப் பிள்ளையார் நோன்பன்று சேர்ந்து அமர்ந்து இழை எடுக்கும் குடும்பங்களுக்கு, எண்ணிக் காத்திருந்த நாளின் மதிப்பு நன்றாகத் தெரியும்.

குடிலில் பச்சைப் பசேல் என்று பயிர் வளர்ந்திருந்ததை எங்கள் பள்ளி மடத்தில் பார்த்தேன். அதை எப்படிச் செய்கிறீர்கள்? குடில் வைக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது?
— ஏழாம் வகுப்பு மாணவி, பள்ளத்தூர்

இத்தாலியில் கிரேச்சோ என்னும் சிற்றூரில் 1223ஆம் ஆண்டு அசிசி நகர் புனித பிரான்சிஸ், வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, இயேசு எவ்வளவு எளிய இடத்தில் பிறந்தார் என்பதை ஊர் மக்கள் கண்ணால் காணச் செய்தார். இன்று நாம் வைக்கும் குடில்களுக்கெல்லாம் அதுவே ஊற்று.

பயிர் வளர்ப்பது எளிது, கண்ணே. அகலமான தட்டுகளில் மண்ணும் மக்கிய எருவும் பரப்பி, கேழ்வரகையோ வெந்தயத்தையோ ஓர் இரவு ஊறவைத்து நெருக்கமாகத் தூவி, கையால் தண்ணீர் தெளித்து வரவேண்டும். திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் விதைத்தால் சரியாக இருக்கும். எங்கள் இல்லத்தில் பயிர் சில ஆண்டுகள் ஒழுங்கில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி வளர்த்துப் பழகிய பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, முதலில் சில நாள் இருட்டில் மூடிவைத்து, முளை ஒரே உயரத்துக்கு எழுந்தபின் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் பசுமை ஏறும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதன்பின் எங்கள் குடிலின் வயல் வரப்பு பிரிக்கும் அளவுக்குச் செழித்து வளர்கிறது.

இன்னொன்றையும் அடுத்த முறை கவனித்துப் பார். நள்ளிரவுத் திருப்பலி வரை தீவனத் தொட்டி வெறுமையாகவே இருக்கும், குழந்தை இயேசுவின் சுரூபத்தை அப்போதுதான் எடுத்துவந்து வைப்போம். மூவரசர் சுரூபங்களைப் பல மடங்களில் முதலில் குடிலுக்கு எட்டத்தில், சன்னல் திட்டிலோ படிக்கட்டிலோ வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, சனவரியில் வரும் திருக்காட்சிப் பெருவிழாவன்று குடிலுக்குக் கொண்டுசேர்ப்பார்கள். நகர்த்தும் பொறுப்பு எப்போதும் இளையவர்களுக்குத்தான். எங்கள் வீட்டில் அதற்குப் போட்டியே நடக்கும்.

என் ஒரே மகள் இந்த ஆண்டு நோவிஷியேட்டில் சேர்ந்திருக்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து அவள் இல்லாமல் எங்களுக்குக் கிறிஸ்மஸ் வந்ததில்லை. இந்த முறை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாளோ என்று நினைத்தால் எனக்குச் சமையலறையில் கையே ஓடவில்லை, சிஸ்டர். நாங்கள் என்ன செய்யட்டும்?
— ஒரு தாய், தேவகோட்டை

அம்மா, உங்கள் மகள் அழத்தான் செய்வாள். ஆனால் தனியாக உட்கார்ந்து அழ மாட்டாள்.

அனுப்ப மறுத்ததற்குக் காரணம் கல்நெஞ்சம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நோவிஷியேட்டை, அதாவது புதிதாகச் சேர்ந்தவர்கள் பயிற்சி பெறும் இல்லத்தை, நவதுறவகம் என்போம். அந்தப் பயிற்சி செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தது 12 மாதங்களை நவதுறவகத்திலேயே கழிக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் கேட்கிறது. மூன்று மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் அந்தப் பயிற்சி செல்லாது. 15 நாளுக்கு மேற்பட்ட இடைவெளியை ஈடுசெய்தாக வேண்டும். அதனால் அந்த ஓராண்டில் வெளியே அனுப்புவதைச் சபைகள் மிகவும் யோசித்தே செய்கின்றன. அந்த ஆண்டு முடிந்து முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்கு, கொடுத்தபின் வீட்டு விடுமுறை அவளுக்கும் உண்டு.

இனி அவளுடைய திருநாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். திருவருகைக் காலம் தொடங்கும்போதே பெரும்பாலான மடங்களில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாம் 'கிறிஸ்மா', அவர் நமக்குக் 'கிறிஸ் சைல்டு'. கிறிஸ்து பிறப்பு வரை தன் பெயரை வெளிவிடாமல் அவருக்காகச் செபிக்கவேண்டும், அவர் அறியாமல் சிறு சிறு உதவிகள் செய்யவேண்டும். காயப்போட்ட துணி மடித்து வைக்கப்பட்டிருக்கும். தலைவலி என்று சொன்ன மாலையில் செபப் புத்தகத்துக்குள் கையெழுத்து தெரியாதபடி அச்செழுத்தில் ஒரு வரி எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஏழ்மை வாக்கு கொடுத்தவர்களாகையால் கடையில் வாங்கிய பரிசு கிடையாது. பழைய வாழ்த்து அட்டையில் வெட்டி ஒட்டிய புத்தகக்குறி, நூல் பின்னிய செபமாலைப் பை, மொட்டை மாடித் தொட்டியில் வளர்த்த துளிர் போன்றவைதாம் பரிசுகள். வீட்டில் தன்னைத்தான் எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று வளர்ந்த பெண், தான் ஒருவரைப் பார்த்துக்கொள்ளவேண்டியவள் என்று அந்த வாரங்களில் கற்றுக்கொள்கிறாள். உங்கள் ஒரே மகளுக்கு இது பெரிய பாடமாக இருக்கும்.

24ஆம் தேதி மாலைதான் கடினமான பொழுது. குடில் முடிந்திருக்கும், குளித்து உடுத்தியிருப்பார்கள், திருப்பலிக்கு இன்னும் நேரம் இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் வீட்டு நினைவு வரும். நவதுறவியரின் பயிற்றுநர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர்களும் ஒரு வீட்டை விட்டு வந்தவர்கள்தாம். அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் தம் பெற்றோர் பெயரையும் ஊரின் பெயரையும் உரக்கச் சொல்லி மன்றாடும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. அழுகை வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். திருநாள் அன்று முகம் வாடக்கூடாது என்று புதியவர்களைக் கண்டிப்பது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. விட்டுவந்ததற்காக வருந்தாதவளுக்கு, கொடுத்தது இன்னதென்றே தெரிந்திருக்காது.

அந்த வாரமும் அவளைச் சும்மா விடாது. 26 முடியப்பர் விழா, 27 அருளப்பர் விழா, 28 மாசில்லாக் குழந்தைகள் விழா, இடையே வரும் ஞாயிறு திருக்குடும்ப விழா. மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று இல்லத்தின் கடைக்குட்டியைத் தலைவியின் நாற்காலியில் அமர்த்தும் பழைய மரபு துறவு இல்லங்களில் உண்டு. அன்று மணி அடிக்கச் சொல்வதும் விளையாட அனுமதிப்பதும் அவள்தான், உண்மையான தலைவி அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பார். உங்கள் மகள் அங்கே இளையவளாக இருந்தால் இது அவளுக்கே வாய்க்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அவளுக்கு மட்டும் என்று பொட்டலம் கட்டாதீர்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, அத்தனை பேருக்கும் போதுமான அளவு அவளுக்குப் பிடித்த பலகாரத்தைச் செய்து அனுப்புங்கள். தன் தாயின் கைப்பக்குவத்தை ஒரு மேசை முழுவதற்கும் பரிமாறும் மகிழ்ச்சி அவளுக்குக் கிடைக்கும். புதுத்துணி வேண்டாம், அவளால் உடுத்த முடியாது. கையால் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று வையுங்கள், அதில் தெருவில் நடந்தது, கோழி குஞ்சு பொரித்தது எல்லாம் இருக்கட்டும். தொலைபேசியில் பேச அனுமதிக்கும் நேரத்தை முன்கூட்டியே பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேசும்போது உங்களுக்கு அழுகை வந்தால் அடக்கவேண்டியதில்லை, அம்மா.

செட்டிநாட்டு மடத்தில் கிறிஸ்மஸ் சாப்பாடு என்றால் என்னவாக இருக்கும்? யார் சமைப்பார்கள்?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

சமையல் செய்யும் அக்காவுக்கும் அன்று திருநாள்தான். ஆகவே அவரைப் புதுச்சேலையோடு முந்திய நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாங்களே சமைக்கிறோம். வெங்காயம் உரிக்கும் பெரிய வேலை தலைவியின் பங்கு என்பது பல இல்லங்களில் எழுதாத சட்டம்.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் கடுங்காப்பியும் கேக்கும். முதல் துண்டு படுக்கையில் இருக்கும் மூத்த சகோதரிகளுக்குப் போய்ச் சேர்ந்தபின்தான் மற்றவர்கள் கைவைப்போம். மருத்துவமனையில் பணியாற்றும் சகோதரிகள் இருக்கும் இல்லமென்றால், இரவுப் பணி முடிந்து அவர்கள் திரும்பும்வரை காலை உணவு காத்திருக்கும். பிரசவ வார்டுக்கும் அவசர சிகிச்சைக்கும் திருநாள் தெரியாதாகையால் சில ஆண்டுகள் அது பத்து மணியும் ஆகிவிடும். அதைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

பலகாரத்தில்தான் எங்கள் வீட்டுச் செழிப்பு தெரியும். ஒரே மேசையில் நாஞ்சில் நாட்டுச் சகோதரி முந்திரிக்கொத்து உருட்டுவார், கேரளத்துச் சகோதரி அச்சப்பம் சுடுவார், இந்த ஊர்க்காரர் கந்தரப்பத்துக்கு மாவு ஆட்டுவார். அதிரசம் மட்டும் எல்லாருக்கும் பொது. பச்சரிசியை ஊறவைத்து, ஈரப்பதம் முழுவதும் போய்விடாமல் நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, தண்ணீரில் விட்டால் உருட்டவரும் பதத்தில் வெல்லப்பாகு காய்ச்சி, சுக்கும் ஏலமும் சேர்த்துக் கிளறி, இரண்டு மூன்று நாள் பானையில் மூடிவைத்து, பிறகுதான் தட்டிச் சுடவேண்டும். அவசரப்பட்டு மறுநாளே சுட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த இளம் சகோதரி ஒருவர் எங்கள் அதிரசத்தைக் கையில் எடுத்ததும், இது எங்கள் ஊர் அர்சா என்று மகிழ்ந்துபோனார். அரிசிமாவும் வெல்லமும் சேர்த்து அவர்களும் பெருநாள்களுக்குச் சுடுகிறார்கள். மொழி தெரியாமல் சில மாதங்களாகப் பேச்சுக் குறைந்திருந்த அவர், அன்று அடுப்படியில் இரண்டு சட்டுவங்களுக்கிடையே எண்ணெய் பிழியும் வேலையை வேறு யாருக்கும் விட்டுத்தரவில்லை.

மதியம் பிரியாணி அல்லது கோழிக்குழம்பு. அதற்கு மேல் ஆடம்பரம் இருந்தால் தவறு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நாங்கள் உண்பதும் பிறர் கொடுத்ததில் பங்குதான்.

கிறிஸ்து பிறப்பு வெள்ளிக்கிழமையில் வந்தால் மடத்தில் இறைச்சி உண்டா?
— ஒரு வாசகர், புதுவயல்

உண்டு. வெள்ளிதோறும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்த்தல், 14 வயது நிறைந்தவர்களுக்குச் சட்டம். ஆனால் பெருவிழா வெள்ளியில் விழுந்தால் அந்தக் கட்டு தளர்ந்துவிடும். 2020இல் அப்படித்தான் வந்தது. இதே ஐயம் புனித பிரான்சிசின் சகோதரர்களுக்கும் எழுந்திருக்கிறது. குழந்தை பிறந்த நாளை வெள்ளிக்கிழமை என்று சொல்வதா, அன்று சுவர்களுக்கும் இறைச்சி ஊட்டவேண்டும், முடியாவிட்டால் மேலே பூசியாவது விடவேண்டும் என்ற பொருளில் அவர் மறுமொழி சொன்னதாக அவருடைய பழைய வரலாற்றில் இருக்கிறது. கடும் நோன்பு இருந்தவருக்குத்தான் அப்படிச் சொல்லத் தோன்றும்.

விளையாட்டு, சினிமா, நாடகம் எல்லாம் மடத்துக்குள் அனுமதி உண்டா? எப்போதும் மவுனமாகத்தானே இருப்பீர்கள்?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

எப்போதும் மவுனம் இல்லை, தம்பி. இரவு மன்றாட்டு முடிந்ததிலிருந்து காலைவரை மவுனம். சில சபைகளில் உணவறையிலும் மவுனம், ஒருவர் நூலிலிருந்து வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே உண்பார்கள். திருநாளன்று தலைவி "ஆண்டவரைப் போற்றுவோம்" என்றதும் எல்லாரும் "இறைவனுக்கு நன்றி" என்று முழங்குவோம். வாசிப்பு நின்று பேச்சு தொடங்கும். அன்று உணவறையில் எழும் இரைச்சலை நீ கேட்டிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாய்.

எங்கள் வட்டார மடங்களில் கேரம், தாயம், பல்லாங்குழி, எறிபந்து எல்லாம் உண்டு. தாயம் உருட்டும்போது எண்பது வயதுச் சகோதரியிடம் சலுகையை எதிர்பார்க்க முடியாது. தொலைக்காட்சியும் படமும் இல்லத் தலைவியின் முடிவுக்கு உட்பட்டவை. திருநாளில் சேர்ந்து ஒரு படம் பார்ப்பதுண்டு. ஆனாலும் நாங்களே நடிக்கும் நாடகத்துக்குக் கிடைக்கும் வரவேற்பு படத்துக்குக் கிடையாது.

இது இக்காலத்துத் தளர்வு என்று எண்ணிவிடாதே. 1562இல் ஆவிலா நகரில் கார்மேல் சபையின் சீர்திருத்தத்தைத் தொடங்கிய புனித தெரேசா, கடும் தவத்தையும் அடைபட்ட வாழ்வையும் வகுத்தவர். அவரே தம் மடங்களில் உணவுக்குப்பின் சகோதரிகள் ஒன்றுகூடிப் பேசி மகிழ நேரம் ஒதுக்கினார். திருநாள்களுக்குப் பாட்டுக் கட்டினார், தம்பட்டம் தட்டிப் பாடினார். லிசியே நகர் கார்மேல் மடத்தில் வாழ்ந்த குழந்தை தெரேசா, மடத்துத் திருநாள்களுக்காகவே எட்டு நாடகங்கள் எழுதினார். 1895 சனவரியில், மடத்தலைவியாக இருந்த தம் சொந்த அக்காவின் நாமத் திருநாளுக்காக ஜோன் ஆப் ஆர்க்காக அவர் நடித்துக்கொண்டிருந்தபோது மேடை அலங்காரத்தில் உண்மையாகவே தீப்பிடித்துவிட்டது. அணைக்கும்வரை அசையாமல் நின்றார் என்கிறார்கள். வெளியே காலெடுத்து வைக்காத மடங்களில்தான் திருநாள் நாடகம் இவ்வளவு தீவிரமாக நடந்திருக்கிறது.

பிறந்தநாளைவிட நாமத் திருநாளுக்கு, அதாவது நம் பெயருக்குரிய புனிதரின் நாளுக்கு, எங்களிடம் மதிப்பு அதிகம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். வார்த்தைப்பாட்டின் வெள்ளி விழாவும் பொன் விழாவும் வந்தால் உறவினர்கள் எல்லாரும் வருவார்கள். அன்று மடம் கல்யாண வீடுதான்.

ஈஸ்டர்தான் பெரிய திருநாள் என்கிறீர்கள். ஆனால் ஊரில் கிறிஸ்மஸ் தெரிகிற அளவுக்கு அது தெரிவதில்லையே, ஏன்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்டனூர்

ஐயா, ஈஸ்டருக்கு நட்சத்திரம் தொங்கவிடுவதில்லை, வீடு வீடாகப் பாடுவதில்லை. அது இரவில், கோயிலுக்குள் நிகழ்வது. நாளும் ஆண்டுதோறும் மாறும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்று கணக்கிடுவதால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழலாம். காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலின் மாசி–பங்குனித் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்க உங்கள் வீட்டார் விரதம் இருக்கும் அதே நாள்களில்தான் பெரும்பாலும் எங்கள் தவக்காலமும் நடக்கும். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி. ஒருவேளை மட்டும் முழு உணவு. 18 வயதிலிருந்து 60 தொடங்கும்வரை அது கடமை. எங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டியவர்கள்தாம் அதை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பார்கள்.

மடத்தில் பாஸ்காவை நான் உணர்வது மணியால். எழுவது, செபம், உணவு, வேலை, உறக்கம் அனைத்தும் மணியோசையால் நடக்கும் வீட்டில், பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் கீதம் பாடும்போது எல்லா மணிகளும் ஒலித்து ஓயும். அதன்பின் பாஸ்கா இரவு வரை மணியே கிடையாது. கைப்பிடி வைத்த மரப்பலகையை ஆட்டினால் மரத்துண்டு இருபுறமும் மோதிக் கடகடவென்று ஒலிக்கும், அதைக் கொண்டு தாழ்வாரத்தில் நடந்துதான் அழைப்பார்கள். பீடத்தின் விரிப்புகள் அகற்றப்பட்டு, நற்கருணைப் பேழை திறந்து வெறுமையாகக் கிடக்கும். வியாழன் நள்ளிரவு வரை முறைவைத்து விழித்திருப்போம். வெள்ளியன்று திருப்பலி இல்லை. பங்குக் கோயிலில் ஊற்றும் கஞ்சிதான் உணவு.

சனி இரவு வெளியே தீ மூட்டி, அந்த ஆண்டின் நான்கு எண்களும் பொறித்த பாஸ்கா மெழுகுதிரியை அதில் ஏற்றி, இருண்ட கோயிலுக்குள் கொண்டுசெல்வார்கள். நீண்ட வாசகங்களுக்குப்பின் வானவர் கீதம் தொடங்கியதும் நிறுத்திவைத்த மணிகளையெல்லாம் சேர்த்து அடிப்போம். தவக்காலம் முழுவதும் வாயில் வராத அல்லேலூயாவைப் பாடும்போது மூத்தவர்களுக்குக் குரல் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து உணவறையில் அமர்ந்தபின் யாரும் படுக்கப் போக மனமில்லாமல் பேசிக்கொண்டிருப்போம்.

ஈஸ்டர் ஞாயிறுக்கு மறுநாள் திங்களன்று, உயிர்த்த இயேசு எம்மாவு ஊருக்கு நடந்துசென்ற சீடர்களுடன் வழிநடந்ததை நினைத்து, சகோதரிகள் சேர்ந்து எங்காவது போய்வருவார்கள். இடைக்காட்டூரில் 1894இல் கட்டப்பட்ட இயேசுவின் திருஇருதயக் கோயில் எங்கள் பக்கத்து மடத்தாருக்கு வசதியான தூரம். கட்டுச்சோறும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு போனால் மாலைவரை பொழுது போவது தெரியாது. எட்டு நாளும் பெருவிழாவாகவே எண்ணப்படும். பாஸ்கா காலமோ 50 நாள் நீடித்துத் தூய ஆவியார் பெருவிழாவில் நிறைவுறும். தவத்துக்கு 40 நாள், மகிழ்ச்சிக்கு 50 நாள் என்ற இந்தக் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை.

தீபாவளிக்கும் பிள்ளையார் நோன்புக்கும் எங்கள் வீட்டிலிருந்து மடத்துக்குப் பலகாரம் கொடுத்துவிடுவது என் மாமியார் காலத்திலிருந்து வழக்கம். நோன்பு உங்கள் திருவருகைக் காலத்தில் வருகிறதே, நீங்கள் சாப்பிடலாமா? மனத்துக்குள் சங்கடப்பட்டுக்கொண்டு வாங்கிக்கொள்கிறீர்களோ என்று தோன்றியது.
— ஓர் ஆச்சி, ஆத்தங்குடி

சங்கடமே இல்லை, ஆச்சி. திருவருகைக் காலம் எளிமையாக இருக்கவேண்டிய காலம், ஆனால் உண்ணாநோன்புக் காலம் இல்லை. அன்போடு வந்த பணியாரத்தை நாளை என்று எடுத்துவைத்தால் அது கெட்டுத்தான் போகும். ஒரு சகோதரியின் பெயரைச் சொல்லிக் கொடுத்தாலும் எங்களிடம் அது பொது மேசைக்கே போகும். உங்கள் சீப்புச் சீடையும் தேன்குழலும் எல்லாருடைய தட்டிலும் விழுந்திருக்கின்றன.

உங்கள் ஊர் ஆச்சிமார் சொல்லாமலே காட்டும் ஒரு பண்பை நான் இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். தூக்கைக் கொடுக்கும்போது, "இது சாமிக்குப் படைக்கிறதுக்கு முந்தியே எடுத்து வச்சது, சிஸ்டர்" என்பார்கள். படையலை உண்பதா என்னும் கேள்வி முதல் நூற்றாண்டிலேயே கொரிந்து நகர்க் கிறிஸ்தவர்களிடம் எழுந்து, புனித பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் அதற்காக நீண்ட விளக்கம் தரவேண்டியிருந்தது. ஒருவருடைய மனச்சான்றை மற்றவர் புண்படுத்தக்கூடாது என்பதே அவருடைய அக்கறை. அதே அக்கறையை எங்களுக்காக நீங்கள் உங்கள் அடுப்படியிலேயே எடுத்துக்கொள்கிறீர்கள். பதிலுக்கு நாங்களும் தூக்கை வெறுமையாகத் திருப்புவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு உங்கள் தெருவுக்கு வரும் கேக்கில் முட்டை சேர்க்காதது தனியே சுற்றி வைக்கப்பட்டிருக்கும்.

பொங்கலும் எங்களுக்குத் திருநாள்தான். மடத்து முற்றத்தில் பானை வைத்து, புத்தரிசியைப் பீடத்தில் காணிக்கையாக்கி நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். ஆகஸ்டு 15 அன்று நாட்டின் விடுதலை நாளும் அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் சேர்ந்து வருவதால், காலையில் கொடியும் திருப்பலியுமாக இரட்டைத் திருநாள்.

நம் மறவர் சீமைக்கே உரிய திருநாள் ஏதேனும் உங்கள் மடங்களில் உண்டா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பிப்ரவரி 4, புனித அருளானந்தர். லிஸ்பனில் 1647இல் பிறந்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு இந்த மண்ணில் பணியாற்றி, 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. 1997 முதல் அது துறவியருக்கான உலக நாளாகவும் இருக்கிறது. மெழுகுதிரியோடு வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்துவிட்டு, அந்த வாரத்திலேயே வெவ்வேறு சபைச் சகோதரிகள் ஓரியூரின் செம்மணலில் சந்தித்துக்கொள்வது எங்களுக்கு மிகவும் பிடித்தமான ஒன்று.

இந்த ஆண்டு கிறிஸ்மஸ் அன்று குடும்பத்தோடு மடத்துக்கு வரலாமா? எந்த நேரம் வரவேண்டும், என்ன கொண்டுவரவேண்டும்?
— ஒரு வாசகி, கோட்டையூர்

தாராளமாக வாருங்கள். வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே வரவேற்கவேண்டும் என்று ஆறாம் நூற்றாண்டிலேயே புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிவைத்திருக்கிறார். வரவேற்பறை, சிற்றாலயம், குடில் எல்லாவற்றையும் பார்க்கலாம். சகோதரிகளின் தங்கும் பகுதிக்குள் மட்டும் வெளியார் வருவதில்லை.

முந்திய இரவு உறங்காததால் காலையில் சீக்கிரம் வேண்டாம். பத்து மணிக்கு மேல் பன்னிரண்டுக்குள் வந்தால் நின்று பேச எங்களுக்கும் நேரம் இருக்கும். கார்மேல் போன்ற அடைபட்ட மடமானால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகவேண்டும். சேலையோ அலங்காரப் பொருளோ கொண்டுவரவேண்டாம். எதையாவது கொடுத்தே தீரவேண்டுமென்றால் பாலோ அரிசியோ போதும். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துவாருங்கள். படுக்கையில் இருக்கும் மூத்த சகோதரிகளைச் சக்கர நாற்காலியில் வரவேற்பறைக்கே அழைத்துவருவோம், பிள்ளைகள் அவர்களுக்கு ஒரு பாட்டுப் பாடட்டும், எந்தப் பாட்டானாலும் சரி. காலையில் வர இயலாவிட்டால் மாலை ஐந்து மணிக்கு வந்து, ஆறு மணிக்குத் தொடங்கும் மாலைப் புகழில் எங்களோடு அமரலாம். புத்தகம் வேண்டுமென்றால் வாசலருகே இருக்கும் சகோதரியிடம் கேளுங்கள், பக்கம் எடுத்தே தருவார்.